வலிமையா, வடிவமா? நீச்சல் பயிற்சியின் அறிவியல்

நூறு மீட்டர் தூரத்தை ஓடிக் கடப்பதில் 1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் சார்லஸ் பேடக் 10.4 விநாடி என்ற சாதனையைப் படைத்தார். 2009இல் ஜமைக்காவின் உசேன் போல்ட் அதே தூரத்தை 9.58 விநாடியில் ஓடினார். ஏறத்தாழ 90 ஆண்டுகளில் ஓட்டத்தின் வேகம் 9 சதவீதம்கூட உயரவில்லை.

இனி நீச்சலைப் பார்ப்போம். நூறு மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்த முடியும் என்று முதன்முதலில் காட்டியவர் அமெரிக்காவின் ஜானி வெய்ஸ்முல்லர். பிற்காலத்தில் திரைப்படங்களில் டார்ஸானாக நடித்தவரும் இவரே. 1922இல் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 58.6 விநாடி. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே அதே தூரத்தை 46.40 விநாடியில் நீந்தினார். அதாவது, வேகம் 26 சதவீதம் உயர்ந்திருக்கிறது!

ஓடுபவருக்கும் நீந்துபவருக்கும் தசை ஒன்றுதான். நல்ல உணவும் நல்ல பயிற்சியும் இருவருக்குமே கிடைத்தன. அப்படியிருக்க, நீச்சலில் மட்டும் இவ்வளவு பெரிய முன்னேற்றம் ஏன்? விடை தசையில் மட்டும் இல்லை, தண்ணீரிலும் இருக்கிறது. தரையில் நாம் திருத்திக்கொள்ளக் கூடியது கொஞ்சம்தான். தண்ணீரிலோ ஏராளம். அதை எப்படித் திருத்துவது என்பதே இந்தப் பாடம்.

ஒரு சிறு கணக்கு

நீருக்குள் நகரும் பொருளை நீர் எதிர்த்துத் தடுக்கிறது. இந்தத் தடை, ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் வளரும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது அல்லவா? ஆகவே, வேகம் இரு மடங்காக வேண்டுமானால் திறன் எட்டு மடங்கு தேவைப்படும்.

வெய்ஸ்முல்லரின் வேகத்தை 1 என்று கொண்டால் பான் ஜான்லேயின் வேகம் 1.26. இதை மும்முறை பெருக்கிப் பாருங்கள்: 1.26 × 1.26 × 1.26 = 2.0. வெய்ஸ்முல்லர் நீந்திய அதே பாணியில் நீந்தி இந்த வேகத்தை எட்ட வேண்டுமானால் அவரைப் போல் இரண்டு மடங்கு திறன் வேண்டும். அவரும் தம் காலத்தில் உலகிலேயே சிறந்த வீரர். அவரைவிட இரு மடங்கு வலிமையான மனிதரை எங்கே தேடுவது? நவீனக் குளங்கள், தொடக்க மேடை, சுவரில் திரும்பும் முறை, கடுமையான பயிற்சி ஆகியவற்றுக்கும் இந்த முன்னேற்றத்தில் பங்கு உண்டு. ஆனால் ஒரு முக்கியப் பங்கு, நீரின் தடையைக் குறைக்கக் கற்றுக்கொண்டதற்கே உரியது.

நீர் எப்படித் தடுக்கிறது?

நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி மிக்கது. நீந்துபவரை அது மூன்று வழிகளில் தடுக்கிறது. முதலாவது உருவத் தடை. உடல் எவ்வளவு பரப்பை நீருக்கு எதிரே காட்டுகிறதோ அவ்வளவு தடை. இரண்டாவது அலைத் தடை. நீர்மட்டத்தில் செல்லும் உடல் அலைகளை எழுப்புகிறது. அந்த அலைக்கான ஆற்றல் நீந்துபவரிடமிருந்தே போகிறது. மூன்றாவது தோலின் மேல் நீர் உராயும் உராய்வுத் தடை. நாம் எளிதில் திருத்தக் கூடியது முதலாவதைத்தான்.

செய்து பாருங்கள்: தண்ணீர்த் தொட்டியில் ஒரு சாப்பாட்டுத் தட்டை அமிழ்த்துங்கள். விளிம்பு முன்னே இருக்குமாறு தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். இப்போது தட்டின் முகம் முன்னே இருக்குமாறு அதே வேகத்தில் தள்ளுங்கள். கை திணறும். தட்டு மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை, நிலைதான் மாறியது.

நீச்சல் முழுவதும் இந்தத் தட்டுச் சோதனையில் அடங்கிவிடுகிறது. உடல், விளிம்பு முன்னே செல்லும் தட்டைப் போல நழுவ வேண்டும். நீரைத் தள்ளும் கையோ முகம் காட்டும் தட்டைப் போல நீரைப் பிடிக்க வேண்டும். கீழே வரும் பயிற்சிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுக்காகவே ஏற்பட்டவை.

‘ஃபிரீ ஸ்டைல்’ போட்டிகளில் வழக்கமாக நீந்தப்படும் ‘கிரால்’ முறையையே இங்கு எடுத்துக்கொள்வோம். கிரால் என்றால் தவழ்தல். குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி வீசி, கால்களை மேலும் கீழும் உதைத்துச் செல்லும் நீச்சல் இது.

முதற்பாடம்: மிதத்தல்

50 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவர் மூச்சை நிறைய இழுத்திருக்கும்போது அவருடைய உடலின் கன அளவு 51 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அவர் மிதப்பதற்கு 50 லிட்டர் நீரை விலக்கினால் போதும். ஆகவே 1 லிட்டர் அளவு உடல் நீருக்கு மேலே நிற்கும். அவர் 3 லிட்டர் காற்றை வெளியே விட்டுவிட்டால் கன அளவு 48 லிட்டராகிவிடும். இப்போது 48 கிலோகிராம் நீரைத்தான் விலக்க முடியும். அவர் மெல்ல மூழ்குவார். நம்மை மிதக்க வைப்பது நுரையீரலில் உள்ள காற்றே.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. காற்று இருப்பது மார்பில். ஆகையால் மிதப்பு விசை மார்புக்கு அருகில் செயல்படுகிறது. உடலின் எடையோ அதற்குக் கீழே, இடுப்பை ஒட்டிச் செயல்படுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் இல்லாததால் உடல் ஏற்றப்பலகையைப் போலச் சாய்கிறது. மார்பு மேலே எழுகிறது, கால்கள் தாழ்கின்றன. சாய்ந்த உடல், முகம் காட்டும் தட்டைப் போன்றது.

தலையை நிமிர்த்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். நீருக்குள் இருக்கும்வரை தலையின் எடையை நீர் தாங்குகிறது. வெளியே தூக்கினால் அந்த எடையை உடல் தாங்க வேண்டும். விளைவு, கால்கள் மேலும் தாழ்கின்றன. கிணற்றிலும் ஆற்றிலும் நீந்தக் கற்றவர்கள் பெரும்பாலும் தலையை நிமிர்த்தியே நீந்துவார்கள். எதிரே வருவதைப் பார்க்க அங்கே அது தேவையும்கூட. வேகமாகவும் களைப்பின்றியும் நீந்தவோ அது உதவாது.

பயிற்சி 1. மார்பளவு நீரில் நின்று மூச்சை இழுத்து, முழங்கால்களை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தை நீரில் வையுங்கள். முதுகு மேலே மிதக்கும். மெல்ல மூச்சை விட்டுப் பாருங்கள். உடல் தாழ்வதை உணர்வீர்கள்.

பயிற்சி 2. குளத்தின் சுவரைக் காலால் உந்தி, கைகளை முன்னே நீட்டி, உதைக்காமல் அப்படியே வழுக்கிச் செல்லுங்கள். முதல் முறை கண்கள் எதிர்ச்சுவரைப் பார்க்கட்டும். இரண்டாம் முறை தரையைப் பார்க்கட்டும். மார்பையும் சற்றே நீருக்குள் அழுத்துங்கள். எங்கே நின்றீர்கள் என்று நண்பர் ஒருவர் கரையிலிருந்து குறித்துக்கொள்ளட்டும். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். உந்திய வலிமை ஒன்றே, தூரம் வேறு. அந்த வேறுபாடுதான் தலையின் விலை!

கால்கள் எதற்காக?

நீண்ட தூரக் கிராலில் கால்களின் முதல் வேலை உந்துவதன்று, தாழாமல் இருப்பதே. தொடையில் உள்ள தசைகள் மிகப் பெரியவை. அவை வேலை செய்தால் ஆக்சிஜனை ஏராளமாகச் செலவிடும். ஆகவே, பெரிதாக உதைப்பது வீண்.

புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு, சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்குவது. முழங்கால் மடங்கியதும் தொடை கீழே இறங்கி நீருக்கு முகம் காட்டுகிறது, தடை கூடுகிறது. உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். முழங்கால் இலேசாகத் தளர்ந்திருக்கட்டும். கணுக்கால், மீனின் வால் துடுப்பைப் போல் துவள வேண்டும். பாதம் மேலும் கீழும் போகும் அளவு ஓர் அடியைச் சற்றே தாண்டினால் போதும்.

பயிற்சி 3. கைகளை முன்னே நீட்டி, முகத்தை நீரில் வைத்து, உதைத்து மட்டும் செல்லுங்கள். பலகையைப் பிடித்தும் செய்யலாம். ஆனால் பலகை கைகளையும் தலையையும் உயர்த்திவிடும் என்பதால் பலகை இல்லாமலும் செய்து பழகுங்கள்.

உருளுதலும் மூச்சும்

செய்து பாருங்கள்: வீட்டுச் சுவரை நோக்கி நின்று, இரு தோள்களும் சமமாக இருக்க ஒரு கையை உயர்த்தி, விரல் எட்டும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். இப்போது உடலைச் சற்றே திருப்பி, அந்தப் பக்கத் தோளையும் உயர்த்தி மீண்டும் எட்டுங்கள். சில சென்டிமீட்டர் உயரம் கூடியிருக்கும். நீரிலும் இதே கதைதான். ஒவ்வொரு வீச்சுக்கும் உடல் அச்சைச் சுற்றி ஒரு பக்கமாக உருண்டால் கை அதிக தூரம் எட்டும். மூச்சுக்கும் வழி பிறக்கும்.

மூச்சை நீருக்கு வெளியே விட்டு, வெளியே இழுக்க முயல்வதே பலர் திணறுவதற்குக் காரணம். வாய் வெளியே இருக்கும் நேரம் மிகக் குறைவு. இரண்டு வேலைக்கும் அது போதாது. நேரம் போதாமல் தலையைத் தூக்குகிறார்கள், கால் தாழ்கிறது. முகம் நீரில் இருக்கும்போதே மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் மூச்சைத் தொடர்ந்து விட்டுவிட வேண்டும். வெளியே வந்ததும் இழுப்பது ஒன்றே வேலை.

தலையைத் தூக்காமல் வாய் எப்படி வெளியே வரும்? முன்னே செல்லும் தலை படகின் முனையைப் போல ஓர் அலையை எழுப்புகிறது. அந்த அலைக்குப் பின்னால், வாய்க்கு அருகில், நீர்மட்டம் சற்றே பள்ளமாகிறது. உடலோடு சேர்ந்து தலை உருண்டால் வாய் அந்தப் பள்ளத்துக்கு வந்துவிடும். ஒரு கண் நீருக்குள்ளும் ஒரு கண் வெளியேயும் இருந்தால் அளவு சரி.

பயிற்சி 4. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்து, கீழ்க்கையை முன்னே நீட்டி, மேல்கையைத் தொடைமேல் வைத்து ஆறு முறை உதையுங்கள். முகம் தரையைப் பார்க்கட்டும். மூச்சு வேண்டும்போது முகத்தைத் திருப்புங்கள். பிறகு ஒரு கைவீச்சுடன் அடுத்த பக்கத்துக்கு உருளுங்கள்.

கை என்னும் துடுப்பு

கை நீரைப் பின்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி நீர் நம்மை முன்னால் தள்ளுகிறது. எந்தத் திசையில் தள்ளுகிறோம் என்பதே இங்கு முக்கியம். கையை நீட்டியபடியே விறைப்பாகக் கீழே அழுத்தினால் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறோம். மார்பு எழும், உடல் நகராது. முழங்கையை உயரமாக வைத்து, முன்கையை மட்டும் மடித்து, உள்ளங்கை பின்புறத்தைப் பார்க்குமாறு செய்தால் தள்ளல் முழுவதும் பின்நோக்கிச் செல்லும். உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே துடுப்பாக வேண்டும்.

இந்தத் துறையை ஆராய்ந்தவர்களில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன் முக்கியமானவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் இவருடைய மாணவர். கவுன்சில்மன் வீரர்களை நீருக்கடியில் படம் பிடித்தார். சிறந்த வீரர்களின் கை நேர்கோட்டில் செல்லாமல் வளைந்து செல்வதைக் கண்டார். விமான இறக்கை மேலே எழும்புவதுபோல, பெர்னூலி தத்துவப்படி கை உந்து விசையைப் பெறுகிறது என்று 1971இல் விளக்கினார். பின்னர் நடந்த அளவீடுகள், நீரைப் பின்னால் தள்ளுவதற்கே கிராலில் பெரும் பங்கு என்று காட்டின. விளக்கம் மாறியது, நீருக்கடியில் பார்த்து அளந்து அறிய வேண்டும் என்று அவர் காட்டிய வழி நிலைத்தது. 1979இல், தமது 58ஆம் வயதில், அவரே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார்!

பயிற்சி 5. விரல்களை மூடி முஷ்டியாக்கிக்கொண்டு 25 மீட்டர் நீந்துங்கள். உள்ளங்கையின் உதவி இல்லாததால் நீர் வழுக்கும். வேறு வழியின்றி முன்கையைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வீர்கள். திரும்பி வரும்போது விரல்களை விரியுங்கள். கை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் தோன்றும்.

பயிற்சி 6. ஒரு கையை முன்னே நீட்டியே வைத்திருங்கள். மற்றக் கை ஒரு முழு வீச்சை முடித்து வந்து அதைத் தொட்ட பிறகே அது புறப்பட வேண்டும். அவசரத்தைக் குறைத்து, ஒவ்வொரு வீச்சின் நீளத்தையும் இது கூட்டும்.

பயிற்சி 7. கையை நீருக்கு மேலே முன்கொண்டு வரும்போது விரல் நுனிகள் நீர்மட்டத்தைத் தடவிக்கொண்டே வரட்டும். முழங்கை தானாகவே உயரும், தோளும் தளர்ந்திருக்கும்.

எண்ணிப் பாருங்கள்

அளக்காத பயிற்சி கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். நீச்சலில் அளவுகோல் எளிது. நீந்தும் வேகம் என்பது ஒரு வீச்சில் செல்லும் தூரத்தை ஒரு விநாடிக்கு எத்தனை வீச்சு என்பதால் பெருக்கினால் வருவது. இரண்டில் ஒன்றை மட்டும் கூட்டினால் மற்றது குறைந்துவிடலாம்.

ஒரு மாணவி 25 மீட்டரை 26 வீச்சுகளில் 30 விநாடியில் நீந்துகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 56. வீச்சைக் குறைக்கும் ஆசையில் அவள் நெடுநேரம் வழுக்கி, 18 வீச்சுகளில் 40 விநாடி எடுத்தால் கூட்டல் 58. முன்னேற்றமில்லை, பின்னடைவு. சில வாரப் பயிற்சிக்குப் பிறகு 22 வீச்சு, 29 விநாடி என்று வந்தால் கூட்டல் 51. இதுவே உண்மையான முன்னேற்றம். வீச்சும் குறைந்தது, நேரமும் குறைந்தது. ஒவ்வொரு நாளும் இந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். நெட்டையானவருக்கு வீச்சு இயல்பாகவே குறைவாக இருக்கும்.

ஒரு நாள் பயிற்சித் திட்டம்

25 மீட்டர் தூரத்தைத் தடுமாறாமல் நீந்தத் தெரிந்தவர்களுக்கானது இது. மொத்தம் 800 மீட்டர். இடையில் போதிய ஓய்வுடன் சுமார் முக்கால் மணி நேரம் ஆகும்.

1. உடலைச் சூடாக்க, நிதானமாக: 100 மீட்டர்.
2. உதை மட்டும் (பயிற்சி 3): 25 மீட்டர், 4 முறை.
3. பக்கவாட்டு உதை (பயிற்சி 4): 25 மீட்டர், 4 முறை.
4. முஷ்டி நீச்சல் (பயிற்சி 5): 25 மீட்டர், 4 முறை. போகும்போது முஷ்டி, வரும்போது விரித்த கை.
5. கை தொடும் பயிற்சி (பயிற்சி 6): 25 மீட்டர், 4 முறை. மறுநாள் இதற்குப் பதிலாகப் பயிற்சி 7.
6. முழு நீச்சல், வீச்சையும் நேரத்தையும் குறித்து: 25 மீட்டர், 8 முறை.
7. இளைப்பாறல், மிக மெதுவாக: 100 மீட்டர்.

ஆறாவது பகுதியைத் தவிர்க்காதீர்கள். பயிற்சியில் ஓர் உறுப்பைத் தனியே பிரித்துத் திருத்துகிறோம். அதை முழு நீச்சலில் மீண்டும் இணைத்தால்தான் பயன். ஒரு நேரத்தில் ஒரு தவற்றை மட்டும் நினைவில் வையுங்கள். தலை, கால், கை, மூச்சு நான்கையும் ஒன்றாகத் திருத்த முயன்றால் எதுவும் திருந்தாது. களைப்பு வந்து பாணி குலைந்தால் நிறுத்திவிடுங்கள். குலைந்த பாணியில் நீந்தினால் தவறே பழக்கமாகிவிடும்.

உயிர் காக்கும் அறிவியல்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். நீச்சல் தெரிந்தவரும் நீரில் இறப்பதுண்டு. அதற்கு ஒரு காரணத்தை மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும்.

யார் அதிக நேரம் மூச்சை அடக்கி நீருக்குள் இருப்பது என்ற போட்டி பல ஊர்களில் உண்டு. சிலர் அதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார்கள். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை முக்கியமாக எழுப்புவது ஆக்சிஜன் குறைவதன்று. இரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு சேர்வதே. வேகமூச்சினால் கார்பன் டைஆக்சைடு குறைந்துவிடுகிறது; ஆக்சிஜனோ சொல்லும்படி கூடுவதில்லை. ஆகவே தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இன்றி நினைவு தப்பிவிடும். நீருக்குள் நினைவு தப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் போட்டி வேண்டவே வேண்டாம்.

பயிற்சியாளரோ நன்கு நீந்தத் தெரிந்த பெரியவரோ கரையில் இல்லாமல் நீரில் இறங்காதீர்கள். ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாயாதீர்கள். தற்செயலாக ஆழமான நீரில் களைத்துப்போனால் முதற்பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து, காதுகள் நீரில் இருக்குமாறு தலையைச் சாய்த்து, மார்பில் காற்றை நிரப்பிக்கொண்டு மிதந்தபடி உதவிக்குக் குரல் கொடுங்கள். கைகளை நீருக்கு மேலே தூக்கி அடித்தால், தூக்கிய கையின் எடையே உங்களை அமிழ்த்தும்.

வேகமாக நீந்துபவருக்கும் உயிர் பிழைக்க மிதப்பவருக்கும் விதி ஒன்றே: நீரோடு போராடாமல் அது தாங்கும்படி உடலை வைத்துக்கொள்வது. அந்த வடிவம் கைவந்த பிறகு வலிமையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சிந்தனைக்கு

1. ஆற்று நீரைவிடக் கடல் நீரில் மிதப்பது எளிது. ஏன்? நாம் பார்த்த 50 கிலோகிராம் மாணவர் கடலில் எத்தனை லிட்டர் நீரை விலக்கினால் மிதப்பார்? (ஒரு லிட்டர் கடல் நீரின் எடை சுமார் 1.025 கிலோகிராம்.)
2. வேகத்தை 10 சதவீதம் உயர்த்த, பாணியை மாற்றாமல் எத்தனை சதவீதம் கூடுதல் திறன் வேண்டும்?
3. போட்டியில் கிரால் வீரர்கள் பாய்ந்த பின்பும் சுவரில் திரும்பிய பின்பும் சிறிது தூரம் நீருக்கடியிலேயே செல்கிறார்கள். அந்தத் தூரம் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. நீருக்கடியில் செல்வதால் மூன்று வகைத் தடைகளில் எது குறைகிறது?